ரெண்டே நாள்ல ரியோஹாவை முடிக்கப் போற பேராண்டிக்கு

பேராண்டி, நீ அனுப்புன லிஸ்டை உங்க அத்தை எனக்கு வாசிச்சுக் காமிச்சா. வெள்ளிக்கிழமை ராத்திரி மூனிக்ல ஏறி பில்பாவோவுல எறங்குறது. சனிக்கிழமை காலையில ஆரோவுல மூணு போதேகா, மத்தியானம் எல்சியேகோ, சாயங்காலம் லாகுவார்தியா, ராத்திரி லொக்ரோன்யோ. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பிரியோனெஸ் மியூசியம், பெறகு இன்னும் ரெண்டு போதேகா, போற வழியில சான் மியான் மடம், பொழுது சாய ஏரோப்ளேன். ஆத்தாடி! நீ ஒயின் குடிக்கப் போறியா, கார் சீட்டைத் தேய்க்கப் போறியா?

ஆனா ஒரு விசயத்துல உன்னைப் பாராட்டணும். 'குடிக்கப் போறேன்'னு சொல்லாம 'ஒயின் டூரிசம் போறேன்'னு உங்க அம்மாகிட்டச் சொன்ன பாரு, அங்க நிக்கிறடா நீ. கம்பத்துல சந்துக்குள்ள நின்னு குடிச்சா குடிகாரன். ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டுப் போய், கிளாசைச் சுத்திச் சுத்திக் குடிச்சா ரசிகன். உங்க அம்மாவும் தெரு பூராம் சொல்லிக்கிட்டு இருக்கா, மகன் ஏதோ பரிட்சைக்குப் போற கணக்கா.

இந்தக் கெழவனுக்கு ரியோஹாவைப் பத்தி என்ன தெரியும்னு உன் சேக்காளிக கேப்பாய்ங்க. உங்க சித்தப்பன் பில்பாவோவுல வேலை பாக்குறான்ல, அவன்தான் அறுப்பு சமயமாப் பாத்து என்னையக் கூட்டிட்டுப் போனான். பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்கு அடியிலயே நரைச்ச தலை இது. கொடியைப் பாத்தா அது எப்பத் தண்ணி குடிச்சது, எவன் கவாத்துப் பண்ணுனான், அவனுக்கு அன்னைக்கு வீட்டுல சண்டையா இல்லையான்னு சொல்லிருவேன். நான் அங்க குடிச்சேனா இல்லையான்னு மட்டும் கேக்காத. பக்கத்து ரூம்ல உங்க பாட்டி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துருக்கா.

மொதல்ல ஊரு எங்கிட்டு இருக்குன்னு மனசுல வாங்கு. ஸ்பெயினோட வடக்கு. எப்ரோன்னு ஒரு ஆறு. ஆத்துக்கு வடக்கால கான்தாப்ரியா மலைத்தொடர் செவுரு வெச்சாப்புல நிக்குது. பில்பாவோவுல கெளம்புறப்ப மழை பிச்சு ஒதறும். மலையைத் தாண்டி இங்கிட்டு எறங்குனா வெயில். அட்லாண்டிக் கடல் மேகம் மலை உச்சி வரைக்கும் வந்து எட்டிப் பாக்கும், எறங்காது. குமுளியில கொட்டுற மழை கம்பத்துக்கு வராம ஏமாத்துதுல்ல, அதே கூத்துதான். திராட்சைக்கு அதுதான் தோது. கார் சன்னல் வழியா இந்த மாத்தத்தைப் பாரு. போன்ல என்ன இருக்கு, அது மூனிக்லயும் இருக்கும்.

இன்னொண்ணு. ஒயினுக்கு ஒரு எல்லை, அரசாங்கத்துக்கு ஒரு எல்லை. ரியோஹா ஒயின் மூணு வட்டாரம்: ஆல்தா, அலவேசா, ஓரியெந்தால். இதுல அலவேசா பாஸ்க் நாட்டுக்குள்ள வருது. லாகுவார்தியாவுல ஒரு பாஸ்க் பெருசு பக்கத்துல நின்னுக்கிட்டு 'லா ரியோஹா மாநிலம் அருமை'ன்னு வாயை விடாத. அந்தாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா ஊத்துற அளவு கொறையும்.

சனிக்கிழமை காலையில போதேகாவுக்குள்ள நொழையிறதுக்கு முந்தி தோட்டத்தைப் போய்ப் பாருடா. போதேகாங்கிறது ஒயினைச் செஞ்சு பத்திரப்படுத்துற எடம். அது எங்கயும் ஓடிறாது. உன் லிஸ்ட்ல கட்டடம் இருக்கு, சாப்பாடு இருக்கு, போட்டோ எடுக்குற எடம் இருக்கு. செடி எங்க?

போய்ப் பாத்தா மொதல்ல உனக்குச் சிரிப்பு வரும். பந்தல் கெடையாது. பழைய தோட்டத்துல கம்பிகூடக் கெடையாது. முழங்கால் ஒசரத்துக்கு முறுக்கிக்கிட்டு ஒவ்வொரு செடியும் தன்னந்தனியா நிக்கிது. தண்டுல இருந்து மூணு கை பிரியும். ஒவ்வொரு கையிலயும் ரெண்டு குச்சி விட்டு, குச்சிக்கு ரெண்டு மொட்டு வெச்சுக் கவாத்துப் பண்ணிருக்காய்ங்க. ஆக மொத்தம் ஒரு செடிக்குப் பன்னெண்டு மொட்டு. அதுக்கு மேல பேராசை இல்ல. மண்ணைப் பாத்தா சுண்ணாம்பும் களியும் கல்லும். நம்மூருத் தரகன் ஓசியில குடுத்தாக்கூட வேணாம்பான். அந்தக் கல்லுக்குள்ள வேரு தண்ணியைத் தேடிக்கிட்டுக் கீழ போய்க்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல வருசத்துக்கு ரெண்டு மூணு வெள்ளாமை எடுக்குறோம். அங்க ஒண்ணே ஒண்ணு, செப்டம்பர் அக்டோபர்ல. அதுலயும் ஹெக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல சிவப்புத் திராட்சை எடுக்கக் கூடாதுன்னு விதி. ஏக்கருக்கு ரெண்டரை டன் சொச்சம் வருது. நான் பந்தல்ல அதைப்போலப் பல மடங்கு எடுத்துட்டு, வெலை இல்லைன்னு சந்தையில உக்காந்து அழுதிருக்கேன். அங்க அழுகையை முன்கூட்டியே சட்டமாப் போட்டு வெச்சுருக்காய்ங்க.

தோட்டத்துக்கு நடுவுல அங்கங்க ஒரு கல்லுக் குடில் நிக்கும். சாந்து கெடையாது. கல்லு மேல கல்லா அடுக்கி, உச்சியைக் கூம்பா மூடிருப்பாய்ங்க. குனிஞ்சுதான் உள்ள போகணும். நானும் போய் உக்காந்து பாத்தேன். ஒரு ஆளு காலை மடக்கிக்கிட்டு உக்காரலாம், அம்புட்டுதான். வாசல் வழியாப் பாத்தா செடி வரிசை மொத்தமும் கண்ணுக்குள்ள வந்துருது. பழுக்குற காலத்துல காவக்காரன் மழைக்கும் வெயிலுக்கும் இதுலதான் ஒதுங்கிருக்கான். ரியோஹாவாயிருந்தா என்ன, ராயப்பன்பட்டியாயிருந்தா என்ன, திருட்டுப் பயலுக எல்லா ஊர்லயும் ஒரே சோலியத்தான் பாத்துருக்காய்ங்க. நீயும் ஒரு கொத்தைப் பறிச்சு வாயில போடலாம்னு நெனைக்காத. தெம்ப்ரனீயோ திராட்சை சின்னதா, தோல் தடிச்சு, கொட்டையோட இருக்கும். தின்னா நம்ம பன்னீர்த் திராட்சை கால் தூசிக்கு வராது. எனக்கு எப்படித் தெரியும்னா... சரி, விடு.

இனி ஆரோவுக்கு வா. சின்ன ஊருதான். ஆனா ரயில்வே ஸ்டேசனை ஒட்டி நெருக்கியடிச்சுக்கிட்டுப் பழைய போதேகாக்க நிக்குதுக. ஏன் ஸ்டேசன் பக்கம்னு உன் கைடு அழகாக் கதை சொல்லுவான். நான் சொல்றதைக் கேளு. 1860-கள்ல பிரான்சுல பிலாக்ஸெரான்னு ஒரு பூச்சி வந்துச்சு, அமெரிக்காவுல இருந்து. வேரைக் கடிச்சு உறிஞ்சு, தோட்டம் தோட்டமாச் சாய்ச்சுப் புடுச்சு. போர்தோ யாவாரிகளுக்கு ஒயின் இல்ல. மலையைத் தாண்டி ஓடி வந்தாய்ங்க. அந்த நேரம் பாத்து ஆரோவுக்கு ரயில் வந்துருச்சு, 1863-ல. பீப்பாயை உருட்டுனா நேரா வண்டியில ஏறும். யோகம்னா இதுதான்டா. 1877-ல லோப்பெஸ் தே எரேதியா, 1879-ல கூனே, 1890-ல லா ரியோஹா ஆல்தான்னு வரிசையா மொளைச்சுச்சு. காசு பொரண்டு, 1890-லயே தெருவுக்குக் கரண்டு வெளக்கு போட்டாய்ங்க. ஸ்பெயின்ல எத்தனையோ ஊரு கரண்டு வெளக்கு இல்லாமக் கெடந்தப்ப இந்தப் பட்டிக்காட்டுல பல்பு எரிஞ்சுருக்கு.

அடுத்தவன் தோட்டத்து நோயில காசு பாத்தா சும்மா விடுமா? 1899-ல அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேந்துச்சு. கடைசியில அமெரிக்கக் கொடியோட வேர்க்குச்சியில ஒட்டுக் கட்டித்தான் பொழைச்சாய்ங்க. பூச்சி வந்த சீமையோட வேருதான் பூச்சிக்கு ஈடு குடுத்துச்சு. இன்னைக்கு நீ குடிக்கப் போற ஸ்பானிஷ் ஒயினு, காலுக்குக் கீழ பெரும்பாலும் அமெரிக்காக்காரந்தான். கைடுகிட்ட இதைக் கேளு, உன்னைய மதிப்பான்.

அங்க எல்லாமே நடந்து போற தூரம். அதுக்காக எல்லாத்துக்குள்ளயும் தலையை விடாத. ஒண்ணைப் பிடி, நின்னு பாரு. லோப்பெஸ் தே எரேதியாவுல நெலவறைக்குள்ள போனா ஒட்டடை தொங்கும் பாரு, பாட்டிலுக மேல போர்வை கணக்கா. உங்க பாட்டி பாத்தா வெளக்கமாத்தோட எறங்கிருவா. ஆனா அதுல கணக்கு இருக்கு. பாட்டில் மூடுற கார்க்கைத் தொளைக்கிற பூச்சியைச் சிலந்தி தின்னும். அதனால சிலந்திக்கு வாடகை இல்லாம எடம் குடுத்துருக்காய்ங்க. உள்ள நூறு வருச ஒட்டடை, வாசல்ல ஸாஹா ஹதித் கட்டுன பளபளன்னு ஒரு கடை. வேணும்னேதான் செஞ்சிருக்காய்ங்க. கூனேக்குப் போனா, ஐஃபல் கோபுரம் கட்டுனவரோட ஆளுக போட்டுக் குடுத்த ஒரு கொட்டகை இருக்கு. நடுவுல ஒத்தைத் தூண் கெடையாது, பீப்பாய் உருட்டத் தோதா. மூகாவுல பீப்பாயை அவிங்களே செய்யிறாய்ங்க. ஓக் மரப்பலகையை நெருப்புல காட்டி வளைக்கிறதைப் பாத்தா நீ ஒயினை மறந்துருவ. அங்க ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவை விடுறாய்ங்க. கலங்கல் பூராம் அதுல ஒட்டிக்கிட்டு அடியில போயிரும். உங்கூட வர்ற அந்தச் சைவப் புள்ளைகிட்ட இதை மொதல்லயே சொல்லிப்புடு. நீ சொல்ல மாட்ட, மூணாவது கிளாசுல சொல்லுவ, எனக்குத் தெரியும். ஒரு நல்ல சினேகிதம் அதோட முடிஞ்சது.

ஒயினுக்கு அங்க இருக்குற மரியாதை இருக்கே! 1635-லயே லொக்ரோன்யோ மேயரு, நெலவறை இருக்குற தெருவுல வண்டி போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டாராம். சக்கர அதிர்வுல ஒயின் கெட்டுப் போயிருமாம். நம்ம ஊர்ல பிரசவ ஆஸ்பத்திரி வாசல்லயே ஏர் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போறான்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு சொல்லுவோம்ல, அதைச் சட்டப் புத்தகத்துல எழுதி வெச்சவன் ரியோஹாக்காரன். கிரியான்சான்னா ரெண்டு வருசம், அதுல ஒரு வருசமாவது ஓக் பீப்பாயில. ரெசெர்வான்னா மூணு. கிரான் ரெசெர்வா அஞ்சு வருசம், அதுல ரெண்டு பீப்பாயில. பீப்பாய் ஒவ்வொண்ணும் 225 லிட்டரு. ஒரே எடத்துல அஞ்சு வருசம் வாயை மூடிக்கிட்டுக் கெடக்கணும். நீ மூணு வருசத்துல எத்தனை கம்பெனி மாறுனன்னு உங்க அப்பன் வெரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கான். பாட்டிலைத் திருப்பி முதுகுச் சீட்டைப் பாரு. கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அரக்கு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம், எந்த வயசுக் கணக்குலயும் வராததுக்குப் பச்சை. ஒவ்வொரு சீட்டுலயும் நம்பரு இருக்கும். 1926-ல ஆரம்பிச்ச கட்டுப்பாட்டுக் கவுன்சில் குடுக்குறது அது. சில பாட்டில்ல தங்கக் கம்பி வலை பின்னிருக்கும். அழகுக்குன்னு நெனைப்ப. அந்தக் காலத்துல காலிப் பாட்டில்ல மட்ட ஒயினை ஊத்தி வித்த களவாணிகளுக்குப் பயந்து போட்ட வலை அது.

நீலச் சீட்டுதான் ஒசத்தின்னு காசைக் கொட்டாத. வயசான எல்லாம் நல்லதாயிருந்தா நானெல்லாம் எங்கயோ இருக்கணும். அலவேசா பக்கம் கொத்தோட அப்படியே தொட்டியில போட்டு நொதிக்க வெச்சு, அந்த வருசமே குடிக்கிற எளசு ஒயினு ஒண்ணு உண்டு. பழ வாசனை மூக்கைத் துளைக்கும், வெலையும் கம்மி. உள்ளூருக் கெழவனுக காலையில பதினோரு மணிக்குச் சத்தமில்லாம அதைத்தான் குடிக்கிறாய்ங்க. கெழவனுக எதைக் குடிக்கிறாய்ங்கன்னு பாத்துக் குடி. எந்த ஊருக்கும் அது பொருந்தும்.

இப்ப வர்றேன், நீ ரொம்ப ஆசைப்படுற விசயத்துக்கு. டேஸ்டிங். கிளாசைத் தண்டுல பிடிக்கணும். சாச்சு நெறம் பாக்கணும். சுத்தணும். மூக்கை உள்ள விட்டு இழுக்கணும். பெறகு ஒரு வாய் வாங்கி, கொப்புளிச்சு, கண்ணை மூடி, ஏதாவது ஒண்ணு சொல்லணும். அந்தக் கடைசி வேலையிலதான் உன் சேக்காளிக பூராம் அலப்பறை குடுப்பாய்ங்க. ஒருத்தன் செர்ரிங்கிறான், ஒருத்தன் வனிலாங்கிறான். வனிலா உண்மைதான், அமெரிக்க ஓக் பீப்பாயில கெடந்தா அந்த வாசனை வரும். நாங்க போன அன்னைக்கு எனக்குப் பக்கத்துல நின்ன ஒரு வெள்ளைக்காரரு, கண்ணை மூடிக்கிட்டு, 'ஆகா, நல்ல புகையிலை வாசனை'ன்னாரு. எல்லாரும் தலையாட்டுனாய்ங்க. ரெண்டு மூணு பேரு நோட்டுல எழுதிக்கிட்டாய்ங்க. என் இடுப்புல மடிச்சு வெச்சிருந்த பொட்டலத்தை நான் மெதுவா இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி விட்டுட்டேன்.

உனக்கு ஒண்ணும் தெரியலைன்னா 'நல்லாயிருக்கு'ன்னு சொல்லு. பிடிக்கலைன்னா 'இது எந்த வருசம்?'னு கேளு. ரெண்டுமே மரியாதை. மேசையில துப்புறதுக்குன்னு ஒரு பாத்திரம் வெச்சிருப்பாய்ங்க. காசைக் குடுத்து வாங்கித் துப்புறதான்னு உனக்கு மனசு கேக்காது. ஆனா ஒரு எடத்துல நாலு வகை ஊத்துவாய்ங்க. உன் லிஸ்டுப்படி போனா மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு கிளாசு. துப்புனவன் சாயங்காலம் லாகுவார்தியாக் கோட்டை மதிலைப் பாப்பான். துப்பாதவனுக்குக் கோட்டை ரெண்டாத் தெரியும்.

அப்புறம், கார் ஓட்டுறவன் யாரு? இதை நீ லிஸ்ட்ல போடவே இல்ல. அங்க போலீஸ்காரன் ஒயின் ஊருதானேன்னு சும்மா விட மாட்டான், ஊதச் சொல்லுவான். பில்பாவோவுல இருந்து ஆரோவுக்கும் லொக்ரோன்யோவுக்கும் பஸ் இருக்கு. ஆரோவுக்குள்ள கால் இருக்கு. லாகுவார்தியாவுக்கு டாக்சி வெச்சுக்க. நாலு பேரு பங்கு போட்டா ஒண்ணும் பெருசா வராது. அபராதத்தைப் பங்கு போட எவனும் வர மாட்டான்.

சாப்பாடு. இந்த ஒரு விசயத்துல அவிங்க சொல்றபடி கேளு. ரெண்டு மணிக்கு முந்தி மத்தியானச் சாப்பாடு கேட்டா, நோயாளியப் பாக்குற மாதிரிப் பாப்பாய்ங்க. ராத்திரிச் சாப்பாடு ஒம்போதுக்கு மேல. நடுவுல ஊரு தூங்கும். நீயும் தூங்கு. கவாத்துப் பண்ணுன திராட்சைக் குச்சியைக் கட்டுக் கட்டாக் காய வெச்சு, அதைக் கொளுத்தி, அந்தத் தணல்ல சின்னச் சின்ன ஆட்டுக்குட்டி நெஞ்செலும்பு வாட்டித் தருவாய்ங்க. உப்பைத் தவிர மசாலா ஒண்ணும் கெடையாது. குச்சி குப்புன்னு எரிஞ்சு சடக்குன்னு தணலாயிரும், வெரசா வேகும். நாங்க அந்தக் குச்சியைப் பூராம் வரப்புல கொளுத்திக் கரியாக்கிட்டோமேன்னு எனக்கு வயித்தெரிச்சல். சைவப் புள்ளைக்கு உருளைக்கெழங்குக் கொழம்பு வாங்கிக் குடுக்கலாம்னு நெனைப்ப. அதுக்குள்ள சோரிசோ கெடக்கும், பன்னிக்கறி சாசேஜ். காய்கறிக் கலவைன்னு வரும், அதுக்குள்ளயும் பன்னிக்கறித் துணுக்கு ஒளிஞ்சிருக்கும். சுட்ட சிவப்பு மொளகாய் கேளு, காளான் கேளு. கேக்குறப்பவே பன்னி வேணாம்னு சொல்லு.

சனிக்கிழமை ராத்திரி லொக்ரோன்யோவுல காயே லவுரெல். நம்ம சந்து அகலம்தான் இருக்கும், அதுக்குள்ள அம்பது கடைக்கு மேல. நாலு காலுல திரும்புறவங்களைப் பாத்துப் பாத்து யானைப் பாதைன்னு உள்ளூர்க்காரனே அதுக்குப் பட்டப்பேரு வெச்சிருக்கான். மொறை என்னன்னா, ஒரு கடையில ஒரு பண்டம், ஒரு சின்ன கிளாசு, அடுத்த கடைக்கு நகந்துரணும். நாற்காலி தேடாத. பார் சோரியானோன்னு ஒரு கடை, காளானைத் தவிர வேற எதுவும் போட மாட்டாய்ங்க. மூணு காளான் கொடையைக் கவுத்தி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, உச்சியில ஒரு குட்டி எறா, நடுவுல ஒரு குச்சி, அடியில ரொட்டித் துண்டு. பூண்டும் எண்ணெயும் கல்லுல சீறிக்கிட்டே வரும். கொடைக் குழிக்குள்ள சாறு கொதிச்சுக்கிட்டு நிக்கும். வாங்குன உடனே கடிச்சா மேல்வாய் வெந்துரும், சட்டையும் நாசம். சாறு எறங்கி ரொட்டி ஊறுற வரைக்கும் பொறு. பொறுத்தா அந்த ரொட்டிக்கே நீ இன்னொரு தடவை விமானம் ஏறுவ.

எங்கயாவது ஆட்டுத்தோல்ல தைச்ச பை ஒண்ணைத் தருவாய்ங்க, போத்தான்னு பேரு. இல்லைன்னா மூக்கு வெச்ச கண்ணாடிக் கூஜா. ரெண்டையும் ஒதட்டுல படாமத் தூக்கிப் பிடிச்சுக் குடிக்கணும். ஜெர்மன்காரன் சட்டையை நனைப்பான், இங்கிலீசுக்காரன் கண்ணுல ஊத்திக்குவான். நீ அசால்ட்டா அண்ணாந்து ஊத்து. சின்னப் புள்ளையில செம்பை வாயில வெச்சுக் குடிச்சதுக்கு உங்க பாட்டி மண்டையில குட்டுனால்ல, அந்தக் குட்டுக்கு ரியோஹாவுல கைதட்டு கெடைக்கும்.

நீ ஜூன் மாசம் போயிருந்தா இன்னொரு கூத்தும் பாத்திருக்கலாம். ஜூன் 29, புனித பேதுரு திருநா. ஆரோ ஜனம் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துல சிவப்புத் துணி கட்டி, பிலிபியோப் பாறைக்கு ஏறிப் போய், அங்க கோயில்ல பூசையைக் கேட்டுட்டு, ஒருத்தன் மேல ஒருத்தன் ஒயினை ஊத்தி அடிச்சுக்குவாய்ங்க. வாளி, தோல் பை, அது போக முதுகுல மாட்டித் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரு! போட்டோவுல அதைப் பாத்துட்டு எனக்குக் கை பரபரன்னுச்சு. நான் கொண்டு போயிருந்தா ஒரு பய நின்னிருக்க மாட்டான்.

கட்டடம் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிப்ப. சரி. எல்சியேகோவுல மார்க்கெஸ் தே ரிஸ்கால், 1858-ல ஆரம்பிச்ச போதேகா. அங்க ஃபிராங்க் கெரி கட்டுன ஹோட்டல் 2006-ல தெறந்தது. கூரை பூராம் டைட்டானியத் தகடு, காத்துல பறக்குற கணக்கா. இளஞ்சிவப்பு ஒயினுக்காம், தங்க நெறம் கம்பி வலைக்காம், வெள்ளி நெறம் பாட்டில் மூடிக்காம். மொதல்ல மனுசன் கட்ட மாட்டேன்னாராம். அவரு பொறந்த 1929-ஆம் வருசத்து ஒயினைத் தெறந்து ஊத்திருக்காய்ங்க. ஒத்துக்கிட்டாரு. அங்க ராத்தங்குற வெலையை உங்க அத்தை ரூபாயில மாத்திச் சொன்னா, நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டேன். ஊருக்குள்ள நின்னாலே கூரை தெரியும், அதுக்குக் காசில்ல. லாகுவார்தியாப் பக்கம் கலாத்ராவா கட்டுன இசியோஸ் போதேகா, பின்னால மலை மடிப்புக்குத் தக்கன அலையலையாக் கூரை. அந்தக் கூரை ஒழுகுதுன்னு கட்டடக்காரரு மேல வழக்குப் போட்ட கதையும் உண்டு. ஓலை மாத்துற நம்ம ஊரு மேஸ்திரிக்கு இருக்குற பாடுதான் அவருக்கும்.

ஞாயித்துக்கிழமைக்கு லாகுவார்தியா போதும்டா. மேட்டு மேல மதில் சுத்துன ஊரு, உள்ள காரு கெடையாது. காரு ஏன் கெடையாது? தெருவுக்கு அடியில பூராம் குடைஞ்ச நெலவறை, ஒண்ணுக்கொண்ணு நெருக்கி இருநூத்துக்கு மேல. மேல நடக்குறவன் கீழ இருக்குற ஒயின் மேலதான் நடக்குறான். படியெறங்கி ஒண்ணுக்குள்ள போ. குளுகுளுன்னு இருக்கும், சட்டைக்கு மேல ஒண்ணு போட்டுக்க. சான் மியான் மடத்தை லிஸ்ட்ல இருந்து தூக்கு. ஸ்பானிஷ் மொழியில எழுதுன ரொம்பப் பழைய வரிகளுக்குப் பேர்போன எடம், யுனெஸ்கோ பட்டியல்ல 1997-ல சேந்தது. பதிமூணாம் நூத்தாண்டுல பெர்சேயோன்னு ஒரு சாமியார்க் கவிஞரு அந்த மடத்தோட சம்பந்தப்பட்டவரு, பாட்டுக்குக் கூலியா ஒயின் கேட்டவரு. அவரு பேரைச் சொல்லிக்கிட்டு நீ வாய் நாத்தத்தோட மடத்துக்குள்ள போக வேணாம். இன்னொரு தடவை தனியாப் போ.

பாட்டில் வாங்குனா கைப்பையில வெச்சு ஏற முடியாது, விமான நிலையத்துல பிடுங்கிப் போட்டுருவான். சீப் டிக்கெட்டுல பெட்டிக்குத் தனிக் காசு. ரெண்டு பாட்டிலுக்கு மேல வாங்குனா கணக்கு இடிக்கும். எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க பாட்டி கேட்டுக்கிட்டு இருக்கா, அதனால சத்தமாவே சொல்றேன், எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க சித்தப்பன்கிட்ட வேணா ஒண்ணைக் குடுத்து வை.

ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். டூர்ல உன்கிட்டப் பேசுறவன் போதேகாக்காரன். திராட்சையை வெளைவிக்கிறதுல பாதிக்கு மேல வெளியில இருக்குற சம்சாரிக. வெலை பேசுறப்ப யாரு கை ஓங்கும்னு உனக்கு நான் சொல்லித் தர வேணாம், எங்க சந்தையில பாத்து வளந்தவன் நீ. ஒயின் தேங்கிப் போயி, 2023-ல, காய் பச்சையா இருக்கப்பவே வெட்டித் தரையில போடச் சொல்லி சம்சாரிக்கு மானியம் குடுத்தாய்ங்க. கொத்தை வெட்டுறவன் கை அன்னைக்கு எப்படி நடுங்கியிருக்கும்னு எனக்குத் தெரியும். எல்சியேகோவுல அந்தத் தங்க நெறத் தகடுக் கூரை ஓரத்துல நின்னு போட்டோ எடுக்குறப்ப, எதுக்க தோட்டத்துல குனிஞ்சு நிக்கிற ஆளுக்கு ஒரு வணக்கமாவது போட்டுட்டு வா. முடிஞ்சா சின்னச் சம்சாரி சொந்தமாச் செஞ்சு விக்கிற வீட்டுல ஒரு பாட்டில் வாங்கு.

இப்ப பேனாவை எடு. ஆரோவுல ஒண்ணு, லாகுவார்தியாவுல ஒண்ணு, ரெண்டே ரெண்டு போதேகாவுக்கு இன்னைக்கே புக் பண்ணு. சொல்லாமக் கொள்ளாமப் போனா வாசல்ல நிக்க வேண்டியதுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல பாதிக்குப் பாதி சாத்திருவாய்ங்க. இங்கிலீசு டூரு எத்தனை மணிக்குன்னு கேட்டு எழுதிக்க. தெரியாம ஸ்பானிஷ் டூருல போய் மாட்டுனா, ஒன்றரை மணி நேரம் புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிக்கிட்டுத் திரியணும்.